இரு பருவத்துத் தங்கம்

நுழையும்முன்

விளையாட்டில் நாட்டம் கொண்டவர் படிப்பில் பின்தங்குவர். படிப்பில் ஆழ்ந்தவர் களத்தில் நிற்கமாட்டார் என்னும் எண்ணம் நம்மிடையே நெடுநாளாக நிலவுகிறது. வீட்டிலும் பள்ளியிலும் இவ்விரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்குமாறு மாணவர்கள் வற்புறுத்தப்படுவதும் உண்டு. ஏட்டையும் கையுறையையும் ஒருசேரப் பற்றி, இரண்டிலும் உயர்ந்த ஒருவரின் வாழ்க்கை இப்பாடம். கல்வி ஒரு விளையாட்டு வீரருக்கு எத்தகைய விடுதலையைத் தரவல்லது என்பதையும் இது எண்ணிப்பார்க்கச் செய்கிறது.

தாயின் உழைப்பு

அமெரிக்க நாட்டின் கொலராடோ மாநிலத்தில், ராக்கி மலைத்தொடரின் அடிவாரத்தில் அமைந்த நகரம் டென்வர். அங்கு 1897ஆம் ஆண்டு ஓர் எளிய குடும்பத்தில் எட்வர்டு பாட்ரிக் பிரான்சிஸ் ஈகன் பிறந்தார். பிற்காலத்தில் உலகம் அவரை எடி ஈகன் என்று அழைத்தது. அவருக்கு ஒரு வயது நிரம்பியபோது தந்தை இரயில் விபத்தில் உயிரிழந்தார். ஐந்து ஆண்மக்களை வளர்க்கும் பொறுப்பு முழுவதும் தாயின் தோளில் விழுந்தது. அவ்வம்மையார் பிறருக்கு அயல்மொழிகளைக் கற்பித்து, அதில் கிடைத்த சிறு வருவாயைக் கொண்டு குடும்பத்தைக் காத்தார்.

ஈகனின் வாழ்க்கையில் இச்செய்தி சிறப்பிடம் பெறத்தக்கது. வறுமை சூழ்ந்த அவ்வீட்டில் அடுப்பெரியச் செய்தது கல்வியே. தாய் கற்றிருந்த மொழிகள்தாம் பிள்ளைகளுக்கு உணவாயின. கற்றவை கைவிடமாட்டா என்னும் உண்மையை அச்சிறுவர் தம் இல்லத்திலேயே கண்டு வளர்ந்தார்.

கதைமாந்தர் காட்டிய வழி

டென்வருக்கு வடக்கே உள்ள லாங்மான்ட் என்னும் சிற்றூரில் ஈகன் பள்ளிக்கல்வி பயின்றார். அங்கே பயிற்றுநராக விளங்கிய ஏப் டோபின் என்பவர், அவரிடம் இருந்த ஆற்றலைக் கண்டறிந்து குத்துச்சண்டையின் அடிப்படைகளைக் கற்பித்தார்.

அதே பருவத்தில் மற்றோர் ஆசானும் அவருக்கு வாய்த்தார். அவர் உயிருள்ள மனிதரல்லர், கதைமாந்தர். கில்பர்ட் பேட்டன் என்னும் எழுத்தாளர் படைத்த பிராங்க் மெரிவெல் கதைகள் அக்காலத்து அமெரிக்கச் சிறுவரிடையே பெரும் வரவேற்பைப் பெற்றிருந்தன. மெரிவெல் யேல் பல்கலைக்கழக மாணவன். படிப்பிலும் விளையாட்டிலும் முதல்வன். மதுவையும் புகையையும் தீண்டாதவன். நேர்மை தவறி வெல்வதைக் காட்டிலும் தோற்பதே மேல் என்று கருதுபவன். சில காசுகளுக்கு விற்கப்பட்ட அம்மலிவுப் பதிப்புகளைப் படித்த சிறுவர் பல்லாயிரவர். அவர்களுள் அக்கதையைத் தம் வாழ்க்கைக்குத் திட்டமாகவே ஏற்றுக்கொண்டவர் ஈகன். பெரியவரான பின்பும் தமக்கு வழிகாட்டியவன் மெரிவெல்லே என்று சொல்ல அவர் நாணியதில்லை.

போர்க்களமும் கல்விக்கூடமும்

பள்ளிப்படிப்பை முடித்த ஈகன் டென்வர் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். முதல் உலகப்போரில் அமெரிக்கா கலந்துகொண்டபோது படையில் சேர்ந்து பீரங்கிப் பிரிவில் லெப்டினன்டாகப் பணியாற்றினார். போர் ஓய்ந்ததும் கதையில் கண்ட யேல் பல்கலைக்கழகத்தின் வாயிலை மாணவராகவே மிதித்தார்.

யேலில் பயின்றபோதே, 1919ஆம் ஆண்டில், அமெரிக்க அமெச்சூர் குத்துச்சண்டையின் ஹெவிவெயிட் வாகையர் பட்டத்தை வென்றார். ஊதியம் பெறாமல், விருப்பம் ஒன்றையே காரணமாகக் கொண்டு ஆடுபவரை அமெச்சூர் வீரர் என்பர். பணத்திற்காக ஆடுபவர் தொழில்முறை வீரர். அவ்வாண்டில் பாரிசு நகரில் போரில் வென்ற நேச நாட்டுப் படைவீரர்களுக்காக ஒரு விளையாட்டு விழா நடைபெற்றது. அதில் மிடில்வெயிட் பிரிவில் ஈகன் வாகை சூடினார்.

இக்காலத்தில் அவர்முன் இரண்டு வழிகள் இருந்தன. தொழில்முறைக் குத்துச்சண்டை அமெரிக்காவில் பெரும்பணம் புரளும் துறையாக வளர்ந்துகொண்டிருந்தது. அவர் பிறந்த கொலராடோ மாநிலத்திலேயே பிறந்த ஜேக் டெம்ப்சி 1919இல் உலகத் தொழில்முறை ஹெவிவெயிட் வாகையரானார். அவருடைய போட்டிகளைக் காணப் பல்லாயிரவர் திரண்டனர். தந்தையை இழந்த ஏழை இளைஞருக்கு அந்த வழி எளிதில் கண்ணில் படக்கூடியது. ஈகனோ நூல்களின் பக்கம் நின்றார். சட்டம் பயின்று வழக்கறிஞர் ஆவதே அவர்தம் நோக்கமாயிற்று. பிழைப்புக்குப் படிப்பு, மகிழ்ச்சிக்குக் குத்துச்சண்டை என்று தம் வாழ்வை அவர் வகுத்துக்கொண்டார்.

ஆண்ட்வெர்ப் நகரில் தங்கம்

1916இல் பெர்லினில் நடைபெறவிருந்த ஒலிம்பிக் போட்டி போரினால் கைவிடப்பட்டது. போரில் பெருந்துயருற்ற பெல்சியம் நாட்டைச் சிறப்பிக்கும் வகையில், 1920ஆம் ஆண்டு ஒலிம்பிக் அந்நாட்டின் ஆண்ட்வெர்ப் நகரில் நடைபெற்றது. ஐந்து வளையங்கள் கொண்ட கொடி ஒலிம்பிக் விழாவில் முதன்முதலாகப் பறந்ததும், வீரர்களின் உறுதிமொழி முதன்முதலாக ஒலித்ததும் அங்குதான்.

லைட் ஹெவிவெயிட் எனப்படும் எடைப்பிரிவில் ஈகன் களமிறங்கினார். ஏறத்தாழ 79 கிலோ வரை எடையுள்ளவர்களுக்கு உரியது அப்பிரிவு. தென்னாப்பிரிக்க வீரரை முதலில் வென்றார். அரையிறுதியில் பிரித்தானியரான ஹெரால்டு பிராங்க்சை வீழ்த்தினார். இறுதிப்போட்டியில் அவரை எதிர்த்து நின்றவர் நார்வே நாட்டின் ஸ்வெர்ரே சோர்ஸ்டால். அவ்விளைஞரும் கல்வியில் நாட்டம் கொண்டவர், மருத்துவராக வாழ்ந்தவர். வருங்கால வழக்கறிஞர் ஒருவரும் மருத்துவர் ஒருவரும் அன்று மேடையில் மோதினர். வெற்றி ஈகனைச் சேர்ந்தது. தங்கப் பதக்கத்துடன் நாடு திரும்பிய அவர், மீண்டும் பாடநூல்களைக் கையில் எடுத்தார்.

ஆக்ஸ்போர்டில் அமெரிக்கர்

யேலில் பட்டம் பெற்றபின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஈகன் சட்டம் பயின்றார். பின்னர் ரோட்ஸ் உதவித்தொகைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு, இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகம் சென்றார். அவ்வுதவித்தொகை தேர்வு மதிப்பெண்ணை மட்டும் நோக்கி வழங்கப்படுவதன்று. ஒழுக்கம், தலைமைப்பண்பு, விளையாட்டு ஈடுபாடு ஆகியவையும் அதற்கு உரிய தகுதிகளாகக் கொள்ளப்பட்டன. ஏடும் களமும் ஒருங்கே போற்றப்பட்ட அத்தேர்வு, ஈகனைப் போன்றவர்களுக்கென்றே அமைந்தது எனலாம்.

ஆக்ஸ்போர்டிலும் அவர் கையுறையைக் கழற்றவில்லை. 1923இல் பிரித்தானிய அமெச்சூர் ஹெவிவெயிட் பட்டத்தை வென்றார். அப்போட்டியில் வாகை சூடிய முதல் அமெரிக்கர் அவரே.

ஸ்காட்லாந்தின் பிரபுக் குடும்பத்தைச் சேர்ந்த கிளைட்ஸ்டேல் அவருடைய நெருங்கிய நண்பரானார். அவரும் ஒரு குத்துச்சண்டை வீரர். தாயின் சிறு வருவாயில் வளர்ந்த ஒருவரையும் மாளிகையில் பிறந்த மற்றொருவரையும் இணைத்தது குத்துச்சண்டை மேடை. நண்பர்கள் இருவரும் உலகைச் சுற்றிப் பயணம் செய்தனர். சென்ற நாடுகளில் உள்ளூர் அமெச்சூர் வீரர்களுடன் ஈகன் போட்டியிட்டார். அந்தக் கிளைட்ஸ்டேல்தான் 1933ஆம் ஆண்டு இந்தியாவின் பூர்ணியா பகுதியிலிருந்து வானூர்தியில் புறப்பட்டு, எவரெசுட்டு சிகரத்தின்மேல் முதன்முதலாகப் பறந்தவர்களுள் ஒருவர்.

தோல்வி கற்பித்த பாடம்

1924ஆம் ஆண்டு ஒலிம்பிக் போட்டி பாரிசில் நடைபெற்றது. தாம் தங்கம் வென்ற பிரிவை விட்டு, ஹெவிவெயிட் பிரிவில் ஈகன் போட்டியிட்டார். ஒலிம்பிக் வாகையர், பிரித்தானியப் பட்டத்தை வென்றவர் என்னும் புகழோடு மேடையேறிய அவர், முதற்போட்டியிலேயே பிரித்தானிய வீரர் ஆர்தர் கிளிப்டனிடம் தோற்று வெளியேறினார்.

பணத்திற்காக ஆடும் வீரருக்குத் தோல்வி என்பது வருவாய் இழப்பு; அடுத்த ஒப்பந்தம் கைநழுவும் அச்சம். ஈகனுக்கோ அன்று இழப்பதற்கு வாகையர் என்னும் பெயர் ஒன்றே இருந்தது. அவ்விழப்பும் எளியதன்று, நான்கு ஆண்டுகள் சூடியிருந்த பெருமை ஒரே போட்டியில் மூன்று சுற்றுகளுக்குள் பறிபோயிற்று. ஆயினும் அவர் குத்துச்சண்டையை வெறுக்கவும் இல்லை. படிப்பைக் கைவிடவும் இல்லை. பிற்காலத்தில் தம் வாழ்க்கையை நூலாக எழுதியபோது, மகிழ்ச்சிக்காகச் சண்டையிடுதல் என்னும் பொருள்படவே அதற்குத் தலைப்பிட்டார்.

அமெச்சூர் நெறியின் இரு பக்கங்கள்

காசு வாங்காமல் விளையாடுவதே உயர்வு என்னும் கருத்து அக்காலத்தில் ஒலிம்பிக் இயக்கத்தின் உயிர்நாடியாக இருந்தது. அக்கருத்தின் மறுபக்கத்தையும் நாம் காணவேண்டும். 1912இல் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் இரண்டு தங்கப் பதக்கங்களை வென்றவர் ஜிம் தோர்ப். அமெரிக்கப் பழங்குடி மரபில் வந்த அவர், அதற்குமுன் பேஸ்பால் ஆடிச் சிறுதொகை பெற்றார் என்பதற்காக அவருடைய பதக்கங்கள் பறிக்கப்பட்டன. அவர் மறைந்து ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்குப் பின்னரே அவற்றுக்கு ஈடான மாற்றுப் பதக்கங்கள் அவர்தம் குடும்பத்தாரிடம் வழங்கப்பட்டன.

வீட்டில் செல்வம் உடையவருக்கு ஊதியமின்றி விளையாடுதல் எளிது. அடுத்த வேளை உணவுக்கு வழியில்லாதவருக்கு அந்நெறி பூட்டிய கதவாகும். ஈகனும் பிறப்பால் ஏழையே. எனினும் அவருக்கு அக்கதவு திறந்தது. திறந்த திறவுகோல் கல்வி. வழக்கறிஞர் தொழில் தமக்குச் சோறிடும் என்னும் உறுதி இருந்தமையால், கைகளை விலைபேச வேண்டிய நெருக்கடி அவருக்கு ஏற்படவில்லை. விருப்பத்திற்காக ஆடும் உரிமையை அவர் படித்துப் பெற்றார்.

பனிப்பாதையில் ஒரு பாய்ச்சல்

1932ஆம் ஆண்டு குளிர்கால ஒலிம்பிக் போட்டி நியூயார்க் மாநிலத்தின் லேக் பிளாசிட் என்னும் மலையூரில் நடைபெற்றது. அங்கு நிகழ்ந்த போட்டிகளுள் ஒன்று பாப்ஸ்லெட். பனிக்கட்டி உறைந்த வளைவான பாதையில், கீழ்நோக்கிச் சறுக்கிச் செல்லும் வண்டிப் பந்தயம் அது. நால்வர் வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓடி, ஒருவர்பின் ஒருவராகத் தாவி அமர்வர். முன்னால் அமர்ந்தவர் வண்டியைத் திருப்ப, மற்றவர்கள் வளைவுக்கு ஏற்ப உடலைச் சாய்த்துக் கொடுப்பர். சிறிது தவறினும் வண்டி பாதையை விட்டுத் தூக்கி எறியப்படும். அவ்வூரில் பயிற்சியின்போது ஜெர்மானிய வண்டி விபத்துக்குள்ளாகி வீரர்கள் படுகாயமுற்றனர்.

அமெரிக்க அணி ஒன்றில் ஓரிடம் காலியாக இருந்தது. பாப்ஸ்லெட் குழுவின் பொறுப்பாளரும் அவ்வணியின் வீரருமான ஜே ஓபிரையன், ஈகனை அழைத்தார். அப்போது ஈகனுக்கு வயது 34. அதற்குமுன் அவர் பாப்ஸ்லெட் வண்டியில் ஏறியதே இல்லை. போட்டிக்குச் சில வாரங்களே இருந்தன. ஆயினும் அவர் அழைப்பை ஏற்றார்.

அணியின் தலைவர் பில்லி பிஸ்க் இருபது வயது இளைஞர். அவரும் கிளிபோர்டு கிரேயும் 1928இல் செயின்ட் மோரிட்சில் தங்கம் வென்றவர்கள். வயதால் மூத்த ஈகன், அந்த இளைஞரின் கட்டளைக்குக் கட்டுப்பட்டுப் புதிய மாணவராக அமர்ந்தார். குத்துச்சண்டை மேடையில் வீரர் தனித்து நிற்பார். வெற்றியும் தோல்வியும் அவர் ஒருவரையே சாரும். பாப்ஸ்லெட்டில் நால்வரும் ஓருடலாக இயங்கவேண்டும். தனித்து வென்று பழகியவர் பிறரோடு இணைந்து அசையக் கற்பது எளிதன்று. அதை அவர் சில வாரங்களில் கற்றுக்கொண்டார்.

வானிலையால் தள்ளிப்போன அப்போட்டி பிப்ரவரித் திங்களின் நடுவில் நடைபெற்றது. ஏறத்தாழ 2.4 கிலோமீட்டர் நீளமான பாதையில் ஒவ்வோர் அணியும் நான்கு முறை ஓடவேண்டும். ஒவ்வோர் ஓட்டத்திற்கும் ஏறத்தாழ இரண்டு நிமிடமே ஆகும். நான்கு ஓட்டங்களின் மொத்த நேரத்தில், இரண்டாம் இடம் பெற்ற மற்றோர் அமெரிக்க அணியை இரண்டு விநாடி அளவில் பிஸ்க்கின் அணி முந்தியது. ஈகனுக்கு இரண்டாம் ஒலிம்பிக் தங்கம் கிடைத்தது.

கோடைக்கால ஒலிம்பிக், குளிர்கால ஒலிம்பிக் ஆகிய இரண்டிலும், வெவ்வேறு விளையாட்டுகளில் தங்கம் வென்ற ஒரே மனிதர் என்னும் பெருமை அன்று அவரைச் சேர்ந்தது. அப்பெருமையைப் பகிர்ந்துகொள்ள இன்றளவும் வேறொருவர் வரவில்லை.

நடுவராக அமர்ந்த வீரர்

பதக்கங்களோடு அவருடைய பணி முடிந்துவிடவில்லை. வழக்கறிஞராகத் தொழில் புரிந்த ஈகன், நியூயார்க்கில் அரசுத் தரப்பு வழக்கறிஞராகவும் சில ஆண்டுகள் பணியாற்றினார். இரண்டாம் உலகப்போரில் மீண்டும் படையில் சேர்ந்து, வான்படையின் போக்குவரத்துப் பிரிவில் பணிபுரிந்தார். அப்போர் அவருடைய பழைய தோழரை விழுங்கியது. பாப்ஸ்லெட் அணியின் தலைவர் பில்லி பிஸ்க், பிரித்தானிய வான்படையில் விமானியாகப் போரிட்டு, 1940ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் உயிர்நீத்தார்.

1945இல் நியூயார்க் மாநில விளையாட்டு ஆணையத்தின் தலைவராக ஈகன் அமர்த்தப்பட்டார். அம்மாநிலத்தின் தொழில்முறைக் குத்துச்சண்டையை நெறிப்படுத்துவது அவ்வாணையத்தின் கடமை. சூதாட்டக்காரர்கள் வீரர்களை விலைபேசித் தோற்கச் செய்யும் இழிவு அக்காலத்தில் அவ்விளையாட்டைச் சூழ்ந்திருந்தது. பணத்திற்காக ஒருநாளும் சண்டையிடாத ஒருவர், பணத்திற்காகச் சண்டையிடுவோருக்கு நடுவராக அமர்ந்தார்.

1947இல் அவர்முன் ஒரு கடினமான வழக்கு வந்தது. ராக்கி கிராசியானோ என்னும் வீரர் மக்களின் பேரன்பைப் பெற்றவர். போட்டியில் தோற்குமாறு தம்மிடம் கையூட்டுப் பேச முயன்றதை ஆணையத்திற்குத் தெரிவிக்கவில்லை என்பது அவர்மீது சுமத்தப்பட்ட குற்றம். அவர் பணம் பெற்றார் என்பதன்று. சொல்லாமல் மறைத்தார் என்பதே வழக்கு. ஆணையம் அவருடைய உரிமத்தைப் பறித்தது. அம்மாநிலத்தில் அவர் சண்டையிட முடியாமற்போயிற்று. அம்முடிவு மிகக் கடுமையானது என்று கருதியோரும் உண்டு. விளையாட்டின் நேர்மையைக் காக்க அது தேவையே என்று கருதியோரும் உண்டு. அதே ஆண்டு ஜூலை மாதம், வேறொரு மாநிலத்தின் சிகாகோ நகரில் டோனி சேலை வென்று கிராசியானோ உலக மிடில்வெயிட் வாகையரானார்.

இவ்விருவரையும் அருகருகே நிறுத்திப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். கிராசியானோ நியூயார்க்கின் வறுமை மிக்க தெருக்களில், சீர்திருத்தப் பள்ளிகளுக்கும் சிறைக்கும் இடையே வளர்ந்தவர். முட்டியைத் தவிர வேறொரு முதல் அவரிடம் இல்லை. ஈகனும் வறுமையில் வளர்ந்தவரே. அவருக்கோ தாயும் ஆசிரியரும் நூல்களும் வாய்த்தனர். இருவருக்கும் இடையே இருந்த வேறுபாடு வலிமையில் இல்லை, வாய்ப்பில் இருந்தது. தீர்ப்புக் கூறும் இருக்கையில் ஒருவரையும் அதன் எதிரே மற்றொருவரையும் நிறுத்தியதில் கல்விக்குப் பெரும்பங்கு உண்டு.

நிறைவுப் பயணம்

1951ஆம் ஆண்டு வரை ஆணையத் தலைவராக இருந்த ஈகன், அதன்பின்னும் விளையாட்டை விட்டு விலகவில்லை. நாடுகளுக்கிடையே விளையாட்டின் வழியாக நட்புறவை வளர்க்கும் குழுவில் பங்காற்றினார். போட்டியிட்ட நாடுகளிலெல்லாம் நண்பர்களைப் பெற்ற அவருக்கு, அது முன்பே பழகிய பணியாக இருந்தது.

1967ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஈகன் மறைந்தார். 1983இல் அமெரிக்க ஒலிம்பிக் புகழ்மன்றத்தில் முதன்முதலாகச் சேர்க்கப்பட்டவர்களுள் அவரும் ஒருவர். 1990இல் அமெரிக்க அஞ்சல்துறை அவர் உருவம் பொறித்த அஞ்சல்தலையை வெளியிட்டது.

பதக்கங்கள் இரண்டும் ஈகனின் திறமைக்குச் சான்றுகள். அவற்றைவிடப் பெரிய சான்று, வறுமையில் பிறந்தும் தம் ஆற்றலை அவர் ஒருநாளும் விலைக்கு விற்க நேராதது. அதற்கு அடித்தளம் இட்டவர், அயல்மொழி கற்பித்துப் பிள்ளைகளை வளர்த்த அத்தாயே. நம் ஊர்த் திடல்களிலும் உடற்பயிற்சிக் கூடங்களிலும் வலிமை மிக்க கைகள் பல உள்ளன. அக்கைகளில் ஏட்டையும் சேர்த்துக் கொடுத்தால், விளையாட்டு அவர்களுக்குப் பிழைப்பின் நெருக்கடியாக இராமல், மகிழ்ச்சியாகவே நிலைக்கும்.